அழித்தது மட்டும் மிஞ்சியது

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பெட்டியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அடித்தளத்து சர்வர் அறையில் நிற்கும் ஆளுயர டிஸ்க் அடுக்குகளை அவள் "பெட்டி" என்று சொல்லப்போக, அந்தப் பெயர் அவள்மேலேயே ஒட்டிக்கொண்டது. ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு என்று அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் ஏறுகிற எதுவானாலும் கடைசியில் போய்ப் படுக்கிற இடம் அந்தப் பெட்டிகள்தான். அவற்றைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. ஒன்றும் நடக்காத வரை அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. "என்னை யாரும் தேடலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்பாள்.

நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் வீட்டில் அந்தப் பேச்சே ஓய்ந்துபோனது. மாடியில் அவள், கீழே தம்பி குடும்பம். காலையில் அவள் கண் விழிப்பதே தம்பியின் தொண்டையில்தான். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவன். போனில் மாணவர்களை விரட்டுவது தெருக்கோடி வரை கேட்கும். காரில் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "கிளட்ச்சை மிதிங்க சார், என் காலை இல்ல!" "அந்த லாரிக்காரன் உங்களுக்கு மாமனா மச்சானா, இப்படி ஒட்டிக்கிட்டே போறீங்க?" அவனிடம் வண்டி கற்றவர்கள் பல வருடம் கழித்தும் வளைவில் திரும்பும்போது அவன் குரல் காதில் விழுவதாகச் சொல்வார்கள்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. கத்திப் பிழைக்கிறவனுக்குத் தொண்டை கட்டாதா என்று அவனே சிரித்தான். மாத்திரை, கஷாயம், வெந்நீர் என்று சில மாதம் ஓடியது. அக்காள்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனாள். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும். எடுத்தால் உயிர் தங்கும். பேச்சு தங்காது.

திரும்பி வரும்போது தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டே வாயை மூடாமல் பேசினான். வழியில் போன கார், பைக், நடந்து போகிறவர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, "அக்கா, இனிமே என் பொண்டாட்டிக்குக் கொண்டாட்டம்தான்" என்றான். அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் பேச்சுப் பயிற்சி அறை ஒன்று இருந்தது. அங்கே இருந்தவரை நோயாளிகள் பேச்சு சார் என்பார்கள். குரலை இழக்கப்போகிறவர்களை ஆபரேஷனுக்கு முன்பே உட்கார வைத்து, பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வார். ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் அந்தப் பதிவுகளைக் கொண்டு, அவர்கள் போனில் எதைத் தட்டினாலும் அவர்கள் குரலிலேயே சொல்லுகிற மாதிரி ஒன்றைத் தயார் செய்து கொடுப்பார். "உங்க தம்பி கார்ல உட்கார்ந்து 'பிரேக்'னு ஒரு பட்டனைத் தட்டினா, அவர் குரல்லயே பிரேக்னு கத்தும்" என்றார் பெட்டியம்மாவிடம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு அந்த மாதத்தைக் கடந்தது.

பதிவு அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருப்பாள். உள்ளே தம்பி ஒரு வரியையும் ஒழுங்காக வாசித்ததாகத் தெரியவில்லை. "இன்று காலை வானம் மேகமூட்டமாக இருந்தது" என்று இருக்கும். வாசித்துவிட்டு, "அதுக்கு நான் என்ன சார் பண்றது?" என்று சேர்த்துக்கொள்வான். இருமுவான். சிரிப்பான். பேச்சு சாரும் சிரித்துவிட்டு, மறுநாள் அந்த இடத்துக்குப் பின்னால் தள்ளி, அதே வரியின் மேலேயே மறுபடி பதிவார். பழையது அழிந்து புதியது உட்காரும்.

அவனுக்கு முந்தின முறைக்கு வருகிறவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நாக்கின் அடியில் நோய். வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் கொடுத்துப் பழகிய வாய். வலியோடு வாசித்தாலும் ஒரு சொல் உரசாது, ஒரு புள்ளி தவறாது. எதையும் இரண்டாம் முறை வாசிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் கணவர் தச்சர். மரத்தூள் வாசனையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"டீச்சர், உங்களுக்கு அடுத்து போறதுனாலதான் சார் என்னை அடிக்க வர்றாரு" என்றான் தம்பி ஒருநாள்.

"முற்றுப்புள்ளி எங்க இருக்கோ அங்க மூச்சு விடுங்க தம்பி. நீங்க நடுவுல விடுறீங்க" என்றாள் டீச்சர்.

"எங்க கார்ல முற்றுப்புள்ளின்னா ஆக்சிடென்ட் டீச்சர்."

டீச்சர் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள்.

தம்பிக்கும் டீச்சருக்கும் ஒரே வாரத்தில் ஆபரேஷன் முடிந்தது. அதற்குச் சில நாள் கழித்துப் பேச்சு சார் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். "இத்தனை பேர் குரல் உங்க பெட்டிக்குள்ள கிடக்கு மேடம். பத்திரமா இருக்குமில்ல?" என்று கேட்டார்.

பெட்டியம்மா பொய் சொல்லத் தெரியாதவள். "தினம் காலையில ஸ்நாப்ஷாட் எடுத்து, சில மாசம் வச்சிருக்கேன் சார். நீங்க தெரியாம எதையாவது அழிச்சிட்டா காலையில இருந்தபடி திருப்பிக் கொடுத்துடுவேன். ஆனா அது இன்னொரு காப்பி இல்ல."

"ஸ்நாப்ஷாட்னா காப்பிதானே?"

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். தன் வேலையைப் பற்றி யாராவது உண்மையிலேயே கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். "எக்ஸ்ரே எடுக்கிறப்ப ஒரு நொடி மூச்சைப் பிடின்னு சொல்வாங்கல்ல, அந்த மாதிரி உங்க ரெக்கார்டிங்கை ஒரு நொடி எழுத விடாம நிறுத்துவேன். அந்த நொடியில பெட்டி எதையும் நகலெடுக்காது. 'இந்த நேரத்துல எது எது எங்க இருந்துச்சு'ன்னு ஒரு வரைபடம் மட்டும் வச்சுக்கும். அதனாலதான் எவ்வளவு பெரிய வால்யூமா, அதாவது ஒரு பிரிவோட மொத்தத் தகவலா இருந்தாலும் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் நீங்க ஒரு இடத்துல புதுசா எழுத வர்றீங்கன்னு வைங்க. பெட்டி, 'கொஞ்சம் இருங்க'ன்னு உங்களை நிறுத்திட்டு, அங்க இருந்த பழசைத் தூக்கித் தனியா ஒதுக்கின இடத்துல வச்சிட்டு, அப்புறம்தான் உங்களை எழுத விடும். காலையில இருந்ததைக் காட்டுன்னு கேட்டா, மாறினதை ஒதுக்கின இடத்துல இருந்து எடுக்கும். மாறாததை அசல்ல இருந்தே எடுத்துக் காட்டும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிறப்ப முழுசா தெரியும்."

"அப்போ மாறாதது ரெண்டு இடத்துல இல்ல."

"இல்ல சார். ஒரே இடம்தான். அசல் போச்சுன்னா ஸ்நாப்ஷாட்டுக்கும் கால் போயிடும். தனியா நிக்கணும்னா ஃபுல் காப்பி எடுக்கணும். ஸ்நாப்ஷாட்டை ஆதாரமா வச்சிக்கிட்டு, பின்னாடி மெதுவா ஒவ்வொரு துண்டா இன்னொரு பெட்டிக்கு நகலெடுத்துக்கிட்டே போகும். மணிக்கணக்கா ஆகும். கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்தப்புறம் அதைப் பிரிச்சுவிட்டா அசல் எரிஞ்சே போனாலும் அது நிக்கும். அதுக்கு இடம் வேணும். இப்போ இல்ல. புதுப் பெட்டி வந்துக்கிட்டு இருக்கு. வந்ததும் முதல் வேலை உங்களோடதுதான்."

சிகிச்சைக்கான தகவல்களுக்கு மட்டும் ஊரின் இன்னொரு மூலையில் இருந்த கட்டடத்துக்கு நகல் போய்க்கொண்டிருந்தது. குரல் பதிவுகள் அந்தக் கணக்கில் வரவில்லை. யார்மேலும் குற்றமில்லை, இருக்கிற இடத்தில் உயிருக்கு நேராக வேண்டியதற்கு முதலிடம் என்று ஒரு காலத்தில் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு. அந்தப் பேச்சில் அவளும் இருந்தாள்.

புதுப் பெட்டி வந்தது. பாதிதான் பொருத்தியிருந்தார்கள். பழைய பெட்டியில் குரல் பதிவுகள் இருந்த டிஸ்க் தட்டில் இடம் போதாமல் போனதால், ஸ்நாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடத்தை மட்டும் அவள் புதுப் பெட்டிக்கு மாற்றிவைத்திருந்தாள். வெளிக்கட்டடத்துக்குப் போகிற லைனையும் அந்த வாரம்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நகல் போவது சில நாள் நின்றிருந்தது. அப்படிப்பட்ட வாரத்தில்தான், ஒரு முற்பகலில், பழைய தட்டில் ஒரு டிஸ்க் செத்தது. டிஸ்க் சாவது புதிதல்ல. மாற்றுவதற்குப் புது டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் வரும்போதே இரண்டாவதும் செத்துக் கிடந்தது.

அந்தத் தட்டு இரண்டு சாவைத் தாங்கும். மீதி டிஸ்க்குகள் கணக்குப் போட்டு, இழந்தது என்னவென்று திரும்பச் சொல்லிவிடும், ஆனால் ஆமை வேகத்தில். மூன்றாவது போனால் சொல்வதற்கு ஆளில்லை. எல்லாம் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த டிஸ்க்குகள். வயதும் ஒன்று, களைப்பும் ஒன்று. புது டிஸ்க்கைப் போட்டால் அது நிரம்ப ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த வேலையே மீதி டிஸ்க்குகளை வாட்டி எடுக்கும். அவள் அதை நிறுத்திவைத்தாள். இருப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டும்.

அந்தத் தட்டில் இரண்டு வால்யூம்கள் இருந்தன. ஒன்று, கதிர்வீச்சு சிகிச்சைத் திட்டங்கள்: யாருக்கு, எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் என்று டாக்டர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போட்டது. அதில் அந்த வாரத்து மாற்றங்கள் வேறெங்கும் இல்லை. போனால் பாதி சிகிச்சையில் இருப்பவர்களை நிறுத்தி, மறுபடி ஸ்கேன் எடுத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் விட்டால் நோய் காத்திருக்காது. இன்னொன்று, பேச்சு சாரின் குரல்கள்.

இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்கலாம். ஆனால் டிஸ்க்கின் முள் இங்கும் அங்கும் தாவித் தாவி ஓட வேண்டும். இரண்டும் இழுத்துக்கொண்டே போகும். டிஸ்க்குகள் இன்னும் களைக்கும். ஒன்றை முடித்துவிட்டு மற்றது என்பதுதான் முறை. கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து போன் வந்தது. "மேடம், பேஷன்ட்டை டேபிள்ல படுக்க வச்சிருக்கோம். பிளான் திறக்கவே மாட்டேங்குது."

"அஞ்சு நிமிஷம் கொடுங்க" என்றாள்.

அவளோடு வேலை பார்த்தவரை நெட்டை என்பார்கள். பல வருடப் பழக்கம். அவர் திரையையே பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம்... உங்க தம்பியோட ஃபைலை மட்டும் கையால எடுத்துடலாமா? சில நிமிஷ வேலை. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் கை விசைப்பலகையின் மேல் நின்றது. சில நிமிட வேலைதான். அது அவளுக்கும் தெரியும். அவருக்கு முன்பே அவளுக்குத் தோன்றிவிட்டது. தம்பியுடையதை எடுத்தால் டீச்சருடையதை விட்டுவிட முடியுமா? டீச்சருடையதை எடுத்தால் மற்றவர்கள்? அத்தனையையும் பொறுக்கி எடுப்பதற்குள் மேலே மேஜையில் படுத்திருக்கிறவர்? சொல்லிக்கொள்ள நியாயங்கள் இருந்தன. அத்தனையும் சரியான நியாயங்கள்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள்.

கதிர்வீச்சுத் திட்டங்கள் புதுப் பெட்டிக்குப் போகத் தொடங்கின. மதியச் சாப்பாட்டு நேரம் கழிந்தது. நெட்டை கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப்போயிற்று. பழைய தட்டு பொறுத்துக்கொண்டது. கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்து, அதைப் பிரித்துவிட்டு, கதிர்வீச்சுப் பிரிவுக்கு "இப்போ திறந்து பாருங்க" என்று சொன்னாள். "திறக்குது, திறக்குது!" என்று அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். அவள் போனை வைக்காமலே மறுகையால் குரல் வால்யூமின் முழு நகலைத் தொடங்கினாள். வரிசையாக, முதலிலிருந்து. தாவ வேண்டாம், டிஸ்க்கைத் துன்புறுத்த வேண்டாம் என்றுதான்.

நகல் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. மூன்றாவது டிஸ்க் போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு, அவ்வளவுதான். நெட்டை தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். செத்த டிஸ்க்கை வெளியே இழுத்து, குளிரவைத்து, மறுபடி செருகினாள். எத்தனை தரம் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கடைசியில் நெட்டைதான் அவள் கையிலிருந்து அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு அதை வெளியே வல்லுநர்களிடம் அனுப்பினார்கள். உள்ளே தகடே கீறிப்போயிருக்கிறது, மீட்க வழியில்லை என்று பதில் வந்தது.

அதற்கெல்லாம் காத்திராமல் அன்று மாலையே அவள் தம்பியிடம் சொன்னாள். மறைத்திருக்கலாம். டிஸ்க் போய்விட்டது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அந்தச் சில நிமிடங்களையும் சேர்த்து.

தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தான். கழுத்தில் ஆபரேஷனில் போட்ட ஓட்டை வழியாக மூச்சு வந்து போகும் ஓசை மட்டும் கேட்டது. அவன் போனை எடுத்துத் தட்டி அவளிடம் நீட்டினான். "கதிர்வீச்சுல எல்லாருக்கும் சரியாயிடுச்சா?"

"ஆமாடா."

"சரி" என்று தட்டினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வரி. "நீ எடுத்திருக்கலாம் அக்கா." அதை அவளிடம் காட்டிவிட்டு, தானே அழித்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் மனைவி அப்படி விடவில்லை. வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "உங்க கையிலதானே இருந்துச்சு அண்ணி. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் பார்த்தீங்க. கூடப் பொறந்தவனுக்கு அஞ்சு நிமிஷம் இல்லையா?"

அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள் அவள். பெட்டியம்மா மாடிப்படி ஏறினாள். அதற்குப் பிறகு காலையில் கீழே இருந்து எந்தச் சத்தமும் வருவதில்லை. அலாரம் வைத்து எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று.

சில நாள் கழித்துத்தான் அது அவள் மூளையில் பட்டது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அசல் போய்விட்டது, சரி. ஆனால் ஸ்நாப்ஷாட்டுக்கு ஒதுக்கிய இடம் புதுப் பெட்டியில் அல்லவா இருக்கிறது? மாறுவதற்கு முன் தூக்கிவைத்த பழைய துண்டுகள் எல்லாம் அங்கே முழுசாக இருக்க வேண்டும். அரைகுறையாக நின்றுபோன நகலிலும் வால்யூமின் தலைப்பகுதி வந்து சேர்ந்திருந்தது. யாருடைய பதிவு எந்த இடத்தில் என்கிற விவரம் அந்தத் தலைப்பகுதியில்தான் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு அவளும் நெட்டையும் துண்டு துண்டாகத் தேடினார்கள்.

கிடைத்தது. ஆனால் என்ன கிடைத்தது? பேச்சு சார் பின்னால் தள்ளி, மேலேயே மறுபடி பதிந்தாரே, அப்போது அழிந்தவை. தப்பாக வாசித்தவை. பெட்டி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. புதிது வந்து உட்காருவதற்கு முன் பழையதைத் தூக்கிப் பத்திரப்படுத்தியிருந்தது. நல்லதாக அமைந்து யாரும் கைவைக்காமல் விட்டது மாறவே இல்லை. மாறாதது அசலில் மட்டும் இருந்தது. அசலோடு போயிற்று.

தம்பியுடையது நிறைய இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் கேட்டாள். "...மூட்டமாக இரு— சே!" ஒரு இருமல். "சார், இந்த வரியை எழுதுனது எந்தப் புண்ணிய—" வெட்டு. சிரிப்பு. "அக்கா வெளிய உட்கார்ந்து முறைக்கிறா சார், சீக்கிரம்—" வெட்டு. மறுபடி இருமல். ஒவ்வொன்றும் சில நொடி. தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல். சர்வர் அறையின் குளிரில், விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெட்டை எழுந்து வெளியே போய்விட்டார்.

பேச்சு சார் ஆனமட்டும் முயன்றார். அந்தத் துண்டுகளை வைத்து அவர் தயார் செய்த குரல் எதைத் தட்டினாலும் இருமப்போகிறவனைப் போல இழுத்தது. பாதிச் சொல்லில் சிரிப்பது போல உடைந்தது. "இதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரலை மேடம்" என்றார். கடைசியில் தம்பிக்கு எல்லோருக்கும் கொடுக்கிற பொதுக்குரல்தான் கிடைத்தது. வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற மாதிரி நிதானமாக "தயவுசெய்து நிறுத்தவும்" என்று அது சொல்லி முடிப்பதற்குள் வண்டி முன்னால் நிற்பதன்மேல் ஏறியிருக்கும். டிரைவிங் ஸ்கூலில் அவனைக் காரிலிருந்து இறக்கி, வண்டிகளின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மிஞ்சிய துண்டுகளை ஒரு பென்டிரைவில் போட்டு அவள் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். தம்பி மனைவி வாங்கிக்கொண்டாள். தம்பி எழுந்து பின்கட்டுக்குப் போய், அவள் அதைப் போட்டுக் கேட்டு முடிக்கும்வரை வரவில்லை. மாடியில் இருந்த பெட்டியம்மாவுக்கு, கீழே அந்தச் சிரிப்பு திரும்பத் திரும்ப ஓடுவதும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வெட்டுப்படுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு தச்சர் வந்தார். டீச்சர் போய்விட்டாள், ஆபரேஷன் ஆன காயம் ஆறவே இல்லை. பேச்சு சார்தான் அவரை அடித்தளத்துக்கு அனுப்பியிருந்தார். தச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கிடைச்சிருக்குன்னு சொன்னாங்கம்மா. எனக்கு மெஷின் எல்லாம் வேணாம். அவ குரல் சும்மா ஒரு வார்த்தை இருந்தா போதும்."

அவளுக்கு விடை முன்பே தெரியும். டீச்சருடைய இடங்களை அவள் ஒன்றுக்கு நாலு தரம் தேடியிருந்தாள். "ஐயா," என்றாள். "தப்பா வாசிச்சு, மறுபடி ரெக்கார்ட் பண்ணதுதான் மிஞ்சியிருக்கு. அவங்க தப்பே பண்ணலைங்க."

தச்சர் அதை மெல்ல வாங்கிக்கொண்டார். "ஒரு இடத்துலகூடவா?"

"ஒரு இடத்துலகூட இல்ல."

"இருமலு, கிருமலு?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"இருமல் வந்தாலும் வரி முடியிற வரைக்கும் அடக்கிப்பாம்மா" என்றார் தச்சர். பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினார். பாதியில் முகம் கோணிப்போயிற்று. "என்னைத் திட்டுறப்பகூட வாக்கியத்தைப் பாதியில விட மாட்டா. எங்கிட்ட கல்யாண வீடியோகூட இல்ல. போன்ல பேசினதை யாரு எடுத்து வைக்கிறா?" பெரிய, காய்த்துப்போன கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். தொடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் துடைத்து வைத்தார். "உங்க மேல தப்பில்லம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி மனைவி திட்டியதைத் தாங்கிக்கொண்டவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

குரல் வால்யூமுக்கு இப்போது முழு நகல் உண்டு. வெளிக்கட்டடத்துக்கும் தினம் போகிறது. அவளே நின்று செய்துமுடித்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டத்தில் அவளைப் பாராட்டினார்கள். கதிர்வீச்சுப் பிரிவுத் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காயம் ஆறியதும் தம்பிக்கும் கதிர்வீச்சு தொடங்கினார்கள். முதல் நாள் அவன் மனைவிக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அக்காள் கூட வந்தாள். சம்பவத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றுதான். நீளமான நடை, இரு பக்கமும் நாற்காலிகள். தலையில் துணி கட்டியவர்கள், கழுத்தில் மையால் கோடு போட்டவர்கள், மடியில் பை வைத்துக்கொண்டு தூங்கிவழிகிறவர்கள். தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பார்த்து முடித்து, போனில் தட்டி அவளிடம் சாய்த்துக் காட்டினான்.

"அன்னைக்கு இருந்தவங்க இதுல யாரு?"

"தெரியாதுடா" என்றாள். "நான் யாரையும் பார்த்ததில்ல."

அவன் மறுபடி ஒருமுறை எல்லோரையும் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நம்பர் கூப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான். கதவு அவன் பின்னால் மெல்ல மூடிக்கொண்டது.

அடுத்த நாற்காலியில் இருந்த வயதான அம்மாள் அவள் பக்கம் குனிந்தாள். "யாரும்மா அது, உன் தம்பியா?"

"ஆமாம்மா."

"பேச மாட்டாரா?"

"பேசுவான்" என்றாள் பெட்டியம்மா. "நல்லாப் பேசுவான்."